படிக்கட்டின் நடுவில் அம்மா

“நீங்கள் அழைக்கும் எண் தற்போது தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளது” என்று பதினேழாவது முறையாக அந்தப் பெண் குரல் சொன்னது.

“தெரியும்டி” என்று அந்தக் குரலுக்கே பதில் சொல்லிவிட்டு, அவள் போனை மேசைமேல் கவிழ்த்துப் போட்டாள்.

புயல் அடித்து இரண்டு நாளாகிறது. அம்மா இருக்கும் ஊரைத்தான் நடுநெற்றியில் அடித்துவிட்டுப் போனது என்று செய்தியில் சொன்னார்கள். டவர் சாய்ந்துவிட்டது, கரண்ட் இல்லை, மரம் விழாத தெருவே இல்லை என்று சொன்னார்கள். அம்மா என்ன ஆனாள் என்று மட்டும் எவரும் சொல்லவில்லை. கிளம்பிப் போய்ப் பார்க்கலாமென்றால் அவள் வேலை பார்ப்பது இன்சூரன்ஸ் ஆபீசில். புயல் வந்தால் ஊருக்கெல்லாம் விடுமுறை, இன்சூரன்ஸ் ஆபீசுக்கு மட்டும் உள்ள விடுமுறையும் ரத்து.

போனில் இன்னொரு எண் இருந்தது, அண்ணனுடையது. அந்த எண்ணுக்கு அவள் ‘அண்ணன்’ என்று பெயர் எழுதி வைத்திருக்கவில்லை. ‘ஒண்ணுமில்ல’ என்று எழுதி வைத்திருந்தாள்.

அந்த மனிதன் வாயைத் திறந்தால் வருவது அந்த ஒரு வார்த்தைதான். வண்டியிலிருந்து விழுந்து முழங்கை வரை மாவுக்கட்டு போட்டுக்கொண்டு நின்றபோதும் “ஒண்ணுமில்ல” என்றான். இரண்டு வருடத்துக்கு முன் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் தியேட்டருக்குள் படுத்திருந்த நேரத்தில் இவள் தற்செயலாகப் போன் செய்தாள். “ஒண்ணுமில்ல, அம்மா தூங்குறாங்க” என்றான். தூங்கியது என்னவோ உண்மை. மயக்க ஊசி போட்டால் யாராக இருந்தாலும் தூங்கத்தான் செய்வார்கள்.

நான்காம் நாள்தான் இவளுக்கு விஷயம் தெரிந்தது. ஓடிப்போய்க் கேட்டால், “நீ படிச்சவ, பயந்துடுவ” என்றான்.

“நான் படிச்சது பயப்படறதுக்கா?”

அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். அன்றிலிருந்து அவளைக் கண்ணாடிச் சாமானைப் போலத்தான் வைத்திருந்தார்கள். நல்ல சேதி மட்டும்தான் அவளுக்கு. கெட்ட சேதி எல்லாம் படிக்காதவர்களுக்குள் பங்கு போட்டு முடிந்துவிடும். “இனிமே உன் வாயிலேர்ந்து வர்ற ஒரு வார்த்தையையும் நம்ப மாட்டேன். உன்கிட்ட பேசினா என்னை ஏன்னு கேளு” என்று சொல்லிவிட்டு வந்தவள், இரண்டு வருடமாக அந்த வாசலை மிதிக்கவில்லை. அம்மாவிடம் மட்டும் போனில் பேசுவாள்.

அவனை இப்போது கூப்பிட்டாலும் பிரயோஜனமில்லை. கூரையே தலையில் விழுந்து கிடந்தாலும், அடியிலிருந்து கையை நீட்டி, “ஒண்ணுமில்ல” என்பான்.

அவள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்தத் தெருவின் பெயரைத் தட்டினாள். கம்பெனியில் பாலிசி எடுத்தவர் அந்தத் தெருவிலேயே ஒரே ஒருவர்தான் இருந்தார். அம்மா வீட்டுக்கு நேர் எதிரே, போன வருடம் புதிதாக வந்த மருந்துக்கடை. தரைவழிப் போன் எண்ணும் இருந்தது. அடித்தாள். மணி ஒலித்தது.

“ஹலோ, மெடிக்கல்ஸ்.” பின்னால் ஜெனரேட்டர் தடதடத்தது.

எதிர் வீட்டுப் பெண் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். சொன்னால் இவர் நேராக அண்ணனிடம் போவார், அவன் “ஒண்ணுமில்லன்னு சொல்லிடுங்க” என்பான். காலையிலிருந்து அறுபது பேரிடம் ஒரே பாட்டைப் பாடிப் பழகியிருந்த நாக்கு தானாகவே முந்திக்கொண்டது.

“வணக்கம், இன்சூரன்ஸ் கம்பெனிலேர்ந்து பேசறோம். புயல் சேதம் பத்தி ஒரு விசாரணை.”

“என் கடைக்கு ஒண்ணும் ஆகல மேடம்.”

“உங்க கடை இல்ல சார். எதிர்ல ஒரு ஓட்டு வீடு இருக்குல்ல? அது எப்படி இருக்கு?”

“எதிர் வீடா? ஒரு நிமிஷம் மேடம்.”

ரிசீவரைக் கையால் பொத்துவது கேட்டது. எட்டிப் பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். திரும்பி வந்தபோது அவர் குரல் இறங்கியிருந்தது.

“சேதம்தான் மேடம். நல்ல சேதம். சமையல்கட்டுப் பக்கம் ஓடெல்லாம் பறந்துடுச்சு.”

அவள் எதிரில் இருந்த படிவத்தில் ‘கூரை’ என்ற கட்டத்தில் பேனா தானாக எழுதியது. “ஆளுங்க?”

“வயசான அம்மா ஒருத்தங்க உள்ளதான் இருக்காங்க. தண்ணி நேரா அவங்க கட்டில் மேல ஊத்துது.”

“வீட்டு ஆம்பள என்ன பண்றாரு?”

மறுபடியும் ரிசீவரைப் பொத்தினார். ஜெனரேட்டர் கூடக் கொஞ்சம் அடங்கினாற்போல் இருந்தது.

“அவரு... ஒண்ணுமில்ல, சமாளிச்சுக்கலாம்னு சொல்றாரு மேடம்.”

அவளுக்கு உச்சந்தலையில் தீப்பிடித்தது.

“சார், நல்லாக் கேட்டுக்குங்க. சேதமான வீட்டுக்குள்ள ஆள் இருக்கறது எங்க விதிப்படி தப்பு. உடனே அந்த அம்மாவ உயரமான, பாதுகாப்பான எடத்துக்கு மாத்தச் சொல்லுங்க. இது ஆர்டர்.”

“சரிங்க மேடம்.”

போனை வைத்ததும் அவளுக்கு மூச்சு வந்தது. படித்ததற்கு இன்றைக்குத்தான் ஒரு பலன் என்று தோன்றியது. பாட்டிலில் இருந்த தண்ணீர் முழுவதையும் குடித்தாள்.

அரை மணி நேரம் கழித்து மறுபடி அடித்தாள்.

“மாத்திக்கிட்டே இருக்காங்க மேடம். உயரமான எடம்னு சொன்னீங்கல்ல, தெருக்கோடி ஸ்கூல் மூணாவது மாடிக்குத் தூக்கிட்டுப் போறாங்க.”

“தூக்கிக்கிட்டா?”

“நாற்காலியோட மேடம். முன்னாடி அவங்க பையன், பின்னாடி வாட்ச்மேன்.”

“இடுப்புல பிளேட் வெச்சிருக்கறவங்களப் படியில தூக்கறதா? கொஞ்சமாச்சும் அறிவு இருக்கா அந்த ஆளுக்கு?”

“இடுப்புல பிளேட் இருக்கறது உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?”

அவள் ஒரு கணம் சுவரைப் பார்த்தாள். “ஃபைல்ல இருக்கு.”

“ஓகோ. நல்ல கம்பெனி.”

போனை வைத்தாள். இன்சூரன்ஸ்காரி ஏற்றச் சொன்னதை இன்சூரன்ஸ்காரியே இறக்கச் சொன்னால் யார் நம்புவார்கள்? அவள் எழுந்து கழிவறைக்குப் போய்க் கதவைத் தாழ்போட்டாள். கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு, குரலைத் தடிப்பாக்கி அடித்தாள்.

“சுகாதாரத் துறையிலேர்ந்து பேசறேன். வயசான அம்மா ஒருத்தங்கள மாடிக்குத் தூக்கறதா புகார் வந்திருக்கு. உடனே கீழ எறக்குங்க. இல்லன்னா கேஸ் ஆயிடும்.”

“யாருங்க புகார் குடுத்தது?”

“அத வெளில சொல்லக் கூடாது.”

“இருங்க மேடம், ஆள விட்டுக் கேட்டுட்டு வர்றேன்.”

கழிவறைக் குழாய் சொட்டுச் சொட்டாக ஒழுகியது. வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள். “ஆள் இருக்கு” என்று அவள் சொந்தக் குரலில் கத்திவிட்டு, மறுபடி கைக்குட்டையை வாய்க்குக் கொடுத்தாள்.

“மேடம், ஒரு சிக்கல். அவங்க இப்ப மேலயும் போகல, கீழயும் வரல.”

“அப்படின்னா?”

“இன்சூரன்ஸ் மேடம் ஏத்தச் சொன்னாங்க, நீங்க எறக்கச் சொல்றீங்க. பையன் குழம்பிட்டாரு. முதல் மாடிக்கும் ரெண்டாவது மாடிக்கும் நடுவுல, படி திரும்பற எடத்துல, நாற்காலிய வெச்சுட்டாரு. ரெண்டு ஆபீசும் பேசி ஒரு முடிவுக்கு வரட்டும்னு உக்காந்துட்டாரு.”

அவள் நெற்றியைக் கழிவறைக் கதவில் முட்டிக்கொண்டாள். மாட்டுக்குப் பாதை மறித்தால்கூட அது இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகும். இவன் நடுப்படியில் பெற்ற தாயை வைத்துக்கொண்டு மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்கிறான்.

மேசைக்கு வந்து, இன்சூரன்ஸ் குரலில், நான்காவது முறை.

“சார், சுகாதாரத் துறை சொல்றதே சரி. எறக்கச் சொல்லுங்க.”

“அவங்க பேசி அஞ்சு நிமிஷம் ஆகல. அதுக்குள்ள உங்களுக்கு எப்படி மேடம் தெரியும்?”

“நாங்கல்லாம் ஒரே நெட்வொர்க் சார்.”

“வாய்வார்த்தையெல்லாம் வேலைக்காகாதாம் மேடம். ஆபீசர் நேர்ல வந்து எழுதிக் குடுத்தாத்தான் நாற்காலியில கை வெப்பாராம்.”

“அந்த அம்மா சாப்பிட்டாங்களா?” என்று கேட்டபோது இன்சூரன்ஸ் குரல் பாதியில் உடைந்தது. இருமிச் சமாளித்தாள்.

மறுபடி ரிசீவரைப் பொத்தினார். இந்த முறை ரொம்ப நேரம்.

“பச்சத் தண்ணி பல்லுல படல மேடம்.”

அவள் போனை வைத்தபோது பின்னால் மேனேஜர் நின்றார். ஆபீசில் அவருக்கு ‘விதி’ என்று பெயர். ஒரு நாளில் ஒரு முறையாவது விதி எண் ஒன்றைச் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு செரிக்காது. அவர் படிவத்தை எடுத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

“கூரை, சரி. படிக்கட்டுன்னு எழுதியிருக்கியே, படிக்கட்டு இடிஞ்சுதா?”

“இல்ல சார். படிக்கட்டு நடுவுல ஒரு அம்மா உக்காந்திருக்காங்க.”

“உக்காந்திருக்கற அம்மாவுக்கு நம்ம படிவத்துல கட்டம் இல்லையேம்மா.”

“தெரியும் சார்.”

“பாலிசி எண்?”

“தண்ணியில போயிடுச்சாம் சார்.”

அவளுக்கு அப்போதே உண்மையைச் சொல்லிவிடத் தோன்றியது. சொந்தக்காரர் கேசை எடுக்கக் கூடாது என்பதற்கும் ஒரு விதி இருந்தது. அதை மீறிய இரண்டு பேர் வேலை போய் வீட்டில் உட்கார்ந்தது அவளுக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டாள்.

விதி யோசித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. எண் கிடைத்துவிட்டது.

“விதி பதினாலு. சேதத்துல சந்தேகம் வந்தா நேரடி ஆய்வு. முதல் போன எடுத்தவங்கதான் போகணும். கிளம்பு.”

“நானா சார்?”

“பின்ன நானா? ஜாக்கெட், ஹெல்மெட், டேப் எல்லாம் எடுத்துக்க. அதெல்லாம் இல்லாம ஆய்வுக்குப் போனா விதி பதினஞ்சு.”

பத்து நிமிடத்தில் அவள் ஆரஞ்சு ஜாக்கெட்டும் மஞ்சள் ஹெல்மெட்டும் மாட்டிக்கொண்டு, கழுத்தில் அட்டை தொங்க, இடுப்பில் அளவு டேப் ஆட, கடைசி முறையாக அடித்தாள்.

“நேர்ல வர்றோம். மூணு மணி பஸ். அதுவரைக்கும் யாரும் எதையும் தொட வேணாம்.”

“நல்லதா போச்சு மேடம். பையன பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பி உங்களக் கூட்டிட்டு வரச் சொல்றோம்.”

“வேணாம். அவர் அந்த அம்மா பக்கத்துலயே இருக்கட்டும்.”

“ஐயோ, கிளம்பிட்டாரே மேடம்.”

“அப்ப படியில அவங்ககூட யாரு இருக்கா?”

“யாரும் இல்ல மேடம். தனியாத்தான் இருக்காங்க.”

பஸ்ஸில் இரண்டு மணி நேரமும் அவள் உட்காரவே இல்லை. இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழியெல்லாம் மின்கம்பங்கள் முட்டிபோட்டுக் கிடந்தன. ஒரு பெட்ரோல் பங்கின் கூரை, பங்கை விட்டுவிட்டு வயலுக்குள் போய் நின்றிருந்தது. அவள் கண்ணில் எதுவும் ஏறவில்லை. அண்ணனைப் பார்த்ததும் என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசை போட்டுக்கொண்டே வந்தாள். ஏழாவது கேள்விக்கு வந்தபோது பக்கத்தில் நின்ற பெண்மணி, “யாரம்மா திட்டறீங்க?” என்றாள். சத்தமாகப் பேசியிருக்கிறாள்.

“எங்கண்ணன.”

“அப்ப நல்லாத் திட்டுங்க” என்று அந்தப் பெண்மணி தள்ளி நின்று இடம் கொடுத்தாள்.

பஸ் நிலையத்தில் பாதி தகரம் இல்லை. மீதித் தகரத்துக்குக் கீழே, இஸ்திரி போட்ட சட்டையும் வகிடெடுத்த தலையுமாக, அண்ணன் நின்றிருந்தான். பஸ்ஸிலிருந்து ஆரஞ்சு ஜாக்கெட் இறங்கியதும் ஓடி வந்து, குனிந்து, இரண்டு கையையும் கூப்பினான்.

“வணக்கம் மேடம், வாங்க, வாங்க.”

நிமிர்ந்தான். ஹெல்மெட்டுக்கு அடியில் இருந்த முகத்தைப் பார்த்தான். கூப்பிய கை அப்படியே நின்றது.

“நீயா?”

“நான்தான்.”

“தள்ளு. ஆபீசர் அம்மா வர்றாங்க.” அவன் அவளைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தான்.

“வரமாட்டாங்க. வந்தாச்சு.”

அவன் அட்டையைப் படித்தான். ஜாக்கெட்டைப் பார்த்தான். டேப்பைப் பார்த்தான். “உன்னையா அனுப்புனாங்க? ஊர்ல வேற ஆளே இல்லையா?”

“அம்மா எங்க?”

“வீட்டுல.”

“படியிலேர்ந்து எறக்கிட்டியா?”

“எந்தப் படி?”

“நடிக்காத. தனியா விட்டுட்டு இங்க வந்து சென்ட் அடிச்சுக்கிட்டு நிக்கற. வெக்கமா இல்ல? அம்மா சாப்பிட்டாங்களா?”

“காலையில நாலு இட்லி. மதியம் சோறு. ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்காங்க.”

அந்த வார்த்தையைக் கேட்டதும் வரிசை போட்டு வைத்திருந்த கேள்விகள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன.

“ஆரம்பிச்சுட்டியா? ஆரம்பிச்சுட்டியா உன் ஒண்ணுமில்லய? கூரை பறந்துடுச்சு, கட்டில்ல தண்ணி ஊத்துது, பெத்தவ படிக்கட்டுல உக்காந்திருக்கா. உனக்கு ஒண்ணுமில்ல.”

“யாருடி உனக்கு இதெல்லாம் சொன்னது? ரெண்டு ஓடு சரிஞ்சுது, மாட்டிட்டேன். கொய்யா மரம் சாஞ்சுது, வெட்டிப் போட்டுட்டேன். அவ்வளவுதான்.”

“பொய்.”

“சரி, பொய்.”

அண்ணன் கொண்டுவந்திருந்த வண்டியை ஓட்ட வழியில்லை. தெருவுக்குத் தெரு மரம் குறுக்கே கிடந்தது. அவன் தள்ளிக்கொண்டு வந்தான், அவள் பின்னால் நடந்தாள். விழுந்த மரங்களைத் தாண்டும்போது மட்டும் இருவரும் வாயை மூடினார்கள். தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள்.

“ரெண்டு நாளாச்சு புயல் அடிச்சு” என்றான் அவன், திரும்பிப் பார்க்காமல். “அண்ணன்காரன் செத்தானா, பொழச்சானான்னு ஒரு போன் பண்ணத் தோணல உனக்கு. இன்சூரன்ஸ்காரன் அனுப்புனாத்தான் வருவ.”

காலையிலிருந்து ஐந்து முறை பண்ணினேன் என்று சொன்னால், எந்த எண்ணுக்கு என்று கேட்பான்.

“நீதான் எதையும் சொல்ல மாட்டியே. கேட்டு என்ன பிரயோஜனம்?”

“நல்லா இருக்கோம்னு சொன்னா நம்பாத. நாசமாப் போயிட்டோம்னு சொன்னா சந்தோஷமா நம்பு. படிச்ச புத்தி.”

“படிப்பப் பத்திப் பேசாத. படிச்சவ பயந்துடுவான்னு நீங்களே முடிவு பண்ணி, எல்லாத்தையும் மூடி மூடி வெச்சு, கடைசில எனக்கு அம்மான்னு ஒரு குரல் மட்டும்தான் மிச்சம். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம். அந்தக் குரலும் ரெண்டு நாளா வரல. நான் என்ன பண்ணுவேன்னு நெனச்ச?”

வண்டி நின்றது.

“தியேட்டர் வாசல்ல நின்னுக்கிட்டு உன்கிட்ட அப்படிச் சொன்னப்ப, எனக்குத்தான் பயமா இருந்துச்சு” என்றான். “போதுமா? நட.”

அவள் நடந்தாள். திட்டுவதற்கு வார்த்தை கிடைக்கவில்லை என்பதே அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

பள்ளிக்கூடம் முதலில் வந்தது. அவள் கேட்டைத் தாண்டி உள்ளே ஓடினாள். அண்ணன் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தான். ஓடிய வேகத்திலேயே அவள் திரும்பி வந்தாள்.

“இதுக்கு மாடியே இல்ல.”

“என்னிக்கு இருந்துச்சு? நீ அஞ்சாவது வரைக்கும் இங்கதான படிச்ச?”

வீடும் நின்றிருந்தது. ஓடு ஒவ்வொன்றும் இருந்த இடத்தில் இருந்தது. புதிதாக மாட்டிய இரண்டும் மட்டும் கொஞ்சம் சிவப்பாகத் தெரிந்தன. அம்மாவின் கட்டில் சருகாகக் காய்ந்திருந்தது. அவள் மெத்தையை அழுத்திப் பார்த்தாள். பிறகு டேப்பை இடுப்பிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டு, தெருவைக் குறுக்கே கடந்து மருந்துக்கடைக்குள் நுழைந்தாள்.

கடை பெஞ்சில், ஜெனரேட்டரில் ஓடிய விசிறிக்கு நேராக, அம்மா உட்கார்ந்திருந்தாள். காலை ஒரு அட்டைப்பெட்டியின் மேல் நீட்டியிருந்தாள். கைத்தடி மடியில் இருந்தது. அவள் ஓடிப்போய் அம்மாவின் தோளை, கையை, இடுப்பை, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. முகத்தை அம்மாவின் கழுத்தில் புதைத்துக்கொண்டாள். ஹெல்மெட் அம்மாவின் தாடையில் இடித்தது.

“எளச்சுட்டியேடி” என்றாள் அம்மா. பிறகு மகனைப் பார்த்து, “ஏண்டா, ஆபீசர் அம்மா வரலையா?” என்றாள்.

அவள் எழுந்தாள். கல்லாவுக்குப் பின்னால் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தவர் பக்கம் திரும்பினாள். கண்ணைத் துடைத்த கையாலேயே கண்ணாடிப் பலகையில் ஓங்கி அடித்தாள்.

“ஏன் சார், நீங்கல்லாம் மனுஷங்கதானா? காலையிலேர்ந்து எத்தன பொய். கூரை பறந்துடுச்சுன்னு, படியில உக்காந்திருக்காங்கன்னு, பச்சத் தண்ணி பல்லுல படலன்னு. வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு ரெண்டு மணி நேரம் நின்னுட்டே வந்திருக்கேன். இவன் சொல்லிக் குடுத்தானா உங்களுக்கு?”

அண்ணன் திடுக்கிட்டு, “நானா? என்னாத்த?” என்றான்.

மருந்துக்கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கீழே வைத்துவிட்டு, பெஞ்சு இருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

“என்மேல ஏம்மா பாயறீங்க? முதல் போன்ல நீங்க எதிர் வீட்டப் பத்திக் கேட்ட உடனே, ரிசீவர்ல காத வெச்சுக் கேட்டுட்டு, ‘இது என் பொண்ணு, நல்லா இருக்கேன்னு சொன்னா வரமாட்டா, நான் சொல்றதச் சொல்லுங்க’ன்னு உங்கம்மா பக்கத்துல வந்து உக்காந்தவங்கதான், அதுக்கப்புறம் நான் வாய மட்டும்தான் அசச்சேன்.”